ரேரி என்றொரு வினைச்சொல்

சிலருக்குச் சிலை வைப்பார்கள். சிலர் பெயரைத் தெருவுக்கு வைப்பார்கள். வெகு சிலருக்குத்தான் அவர்கள் பெயரே வினைச்சொல்லாகிற அதிர்ஷ்டம் வாய்க்கும். அது அதிர்ஷ்டம்தானா என்பது வேறு விஷயம். அயர்லாந்தில் 1880-ல் குத்தகைக்காரர்களின் கோபத்துக்கு ஆளான கேப்டன் சார்லஸ் பாய்காட்டைக் கேட்டால், வேண்டவே வேண்டாம் என்றிருப்பார். ஊரே அவரோடு பேச மறுத்தது, வேலைக்கு வர மறுத்தது. அவர் பெயரே புறக்கணிப்புக்குச் சொல்லாகி, இன்றுவரை உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாய்காட்டுக்கு 22 வருஷம் முன்பே இன்னொருவர் பெயர் இதேபோல வினைச்சொல் ஆனது. ஆனால் நேர் எதிரான அர்த்தத்தில். அன்பால் வசப்படுத்துவது, முரட்டுத்தனத்தைப் பொறுமையால் கரைப்பது என்று பொருள். அந்தச் சொல் 'ரேரிஃபை'. சொல்லுக்குச் சொந்தக்காரர் ஜான் சாலமன் ரேரி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் குரோவ்போர்ட் என்ற சிற்றூரில் 1827-ல் பிறந்த விவசாயி மகன். தொழில், குதிரை பழக்குவது.

அன்புக்கு அர்த்தமாக அகராதி ஏறிய இந்தச் சொல்லுக்குள் ஒரு தோல் வாரும் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஊரே குதிரையில் ஓடிய காலம்

1850-களின் லண்டனை நினைத்துப் பாருங்கள். கார் கிடையாது, லாரி கிடையாது. ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸை இழுப்பதும் குதிரை, வாடகை வண்டியை இழுப்பதும் குதிரை, பீர் பீப்பாய் ஏற்றி வருவதும் குதிரை. பணக்காரர் வீட்டு லாயத்தில் நிற்பது அந்தஸ்து. ஏழை வண்டிக்காரருக்கோ அதுதான் சோறு.

இத்தனை குதிரைகளையும் யாராவது பழக்கியாக வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வேலைக்கே 'பிரேக்கிங்', அதாவது உடைப்பது என்றுதான் பெயர். பெயருக்கு ஏற்றபடிதான் பல இடங்களில் வேலையும் நடந்தது. சாட்டை, முள் பதித்த குதிமுள், வாயைக் கிழிக்கும் கடிவாளம், பட்டினி. அடங்கினால் வண்டிக்கு, அடங்காவிட்டால் அடிமாட்டு விலைக்கு.

இதற்கு நடுவே, அடிக்காமலே குதிரையை வழிக்குக் கொண்டுவருகிறவர்கள் என்று சிலரைப் பற்றிக் கதைகள் உலவின. அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்த டேனியல் சல்லிவன் அவர்களில் பிரபலம். லாயத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் முரட்டுக் குதிரை ஆட்டுக்குட்டிபோல் நிற்கும். காதில் ஏதோ ரகசியம் ஓதுகிறார் என்று ஜனங்கள் நம்பினார்கள். 'விஸ்பரர்', அதாவது கிசுகிசுப்பவர் என்ற பட்டமும் கிடைத்தது. 1810-ல் அவர் இறந்தபோது அந்த வித்தையும் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது.

மந்திரமெல்லாம் ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் ரேரி.

மூன்றே விஷயங்கள்

பன்னிரண்டு வயதிலேயே ஒரு குதிரைக்குட்டியைப் பழக்கியதாக அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1856-ல் தன் முறையை ஒரு சின்னப் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதில் அவர் சொன்ன அடிப்படைகள் மூன்றே மூன்று. கேட்பது என்ன என்று முழுசாகப் புரிந்துவிட்டால் குதிரை எதிர்க்காது. தன் பலம் எவ்வளவு என்று, அனுபவத்தில் பட்டதைத் தாண்டி, குதிரைக்குத் தெரியாது. எவ்வளவு பயங்கரமான பொருளாக இருந்தாலும், வலிக்காது என்று குதிரையே மோந்து, தொட்டுத் தெரிந்துகொள்ள நேரம் கொடுத்தால் பயம் போய்விடும்.

மூன்றாவதுதான் மேடையில் கைத்தட்டல் வாங்கியது. குடையைப் படீரென்று விரித்தால் எந்தக் குதிரையும் மிரளும். ரேரி அந்தக் குடையை முதலில் குதிரையின் மூக்குக்குக் கொண்டுபோவார். அது மோந்து பார்க்கும். பிறகு கழுத்தில் தேய்ப்பார், முதுகில் வைப்பார், மெதுவாக விரிப்பார். கடைசியில் தலைக்கு மேலே விரித்துச் சுழற்றினாலும் குதிரை அசையாது. முரசையும் அப்படித்தான் பழக்கினார். முதுகில் உட்கார்ந்து டமடமவென்று அடித்துக் காட்டினார்.

பழக்குகிறவருக்குப் பயமும் இருக்கக் கூடாது, கோபமும் இருக்கக் கூடாது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். பிள்ளை வளர்ப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அரண்மனை லாயத்தில்

ரேரி கடல் தாண்டி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. குதிரை என்றால் உயிரை விடும் நாடு. சேதி விக்டோரியா மகாராணி வரை போனது. வின்ட்சர் கோட்டையில் மகாராணி முன்னிலையிலேயே வித்தை காட்ட அழைப்பு வந்தது. அரச குடும்பத்தாரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அடங்காத குதிரையோடு உள்ளே போனாராம். திரும்பக் கூப்பிட்டபோது குதிரை தரையில் நீட்டிப் படுத்திருக்க, பக்கத்திலேயே ரேரியும் படுத்துக்கிடந்தாராம்.

குதிரை படுப்பது என்ன பெரிய அதிசயம் என்று தோன்றலாம். குதிரை நின்றுகொண்டே தூங்கும் பிராணி. ஆபத்து வந்தால் அடுத்த நொடி ஓட வேண்டும் என்பதற்காகக் காலை மடக்காமலே கண்ணயரும்படி அதன் மூட்டுகள் அமைந்திருக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் படுக்கும். அதுவும் இடம் பத்திரம் என்று மனசு ஒப்பினால்தான். முன்பின் தெரியாத மனிதருக்குப் பக்கத்தில் ஒரு குதிரை படுத்துக்கிடந்ததைப் பார்த்தவர்கள் ஏன் வாயடைத்துப்போனார்கள் என்பது இப்போது புரியும்.

குரூஸர்

ஆனால் நிஜமான பரீட்சை இனிமேல்தான் இருந்தது. ஹாம்ஷயர் பகுதியில் முரெல் கிரீன் என்ற ஊரின் லாயத்தில் ஒரு ஆண் குதிரை இருந்தது. பெயர் குரூஸர். உயர்ந்த பந்தய வம்சம். சொந்தக்காரர் டார்செஸ்டர் பிரபு. பந்தயத்தில் பேர் வாங்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட குதிரை, யாரும் கிட்டப் போக முடியாத மிருகமாக மாறியிருந்தது. கண்டால் பாய்ந்து கடிக்கும். அதன் தலையில் ஒரு வாய்க்கூடு மாட்டியிருந்தார்கள். இரும்பு பதித்தது, எட்டு பவுண்டு எடை. நம் கணக்கில் மூன்றரை கிலோவுக்கும் மேல். அதோடுதான் இரவும் பகலும். யாரும் ஏறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மற்ற குதிரைகளை விடுங்கள், இதைப் பழக்கிக் காட்டட்டும் பார்க்கலாம் என்று சவால் விட்டார் பிரபு.

1858 ஏப்ரலில் ரேரி அந்த லாயத்துக்குள் நுழைந்தார். குதிரை அலறிக்கொண்டு அவர் மேல் பாய்ந்தது. மூன்று மணி நேரம் கழித்து ரேரி அதன் முதுகில் உட்கார்ந்திருந்தார். பிரபுவும் ஏறிப் பார்த்தார்.

லண்டனுக்குக் கொண்டுவந்து மேடை ஏற்றினார்கள். இரும்பு வாய்க்கூட்டை ஜனங்கள் பார்க்கட்டும் என்று தனியாக எடுத்துக் காட்டினார்கள். குரூஸரோ அது இல்லாமல், நாய்க்குட்டிபோல் ரேரியின் பின்னால் வந்தது. படுக்கவைத்து, அதன் பின்னங்கால் குளம்புகளுக்கு நடுவே தன் தலையை வைத்துக்கொண்டு ரேரி படுத்தார். ஒரு உதை போதும், மண்டை சிதறிவிடும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பிறகு மிருகக்காட்சிசாலையிலிருந்து ஒரு வரிக்குதிரையையும் கொண்டுவந்தார்கள். பெரிய கஷ்டத்துக்குப் பிறகு அதுவும் பணிந்தது.

பத்து கினி ரகசியம்

எப்படிச் செய்கிறார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஊரே துடித்தது. கற்றுக்கொடுக்கக் கட்டணம் பத்து கினி. ஒரு சாதாரண வீட்டில் வேலை பார்த்த இளம்பெண்ணின் வருஷச் சம்பளமே அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதோடு, வெளியில் சொன்னால் 500 பவுண்டு அபராதம் என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். குதிரை ஏலத்துக்குப் பேர்போன டாட்டர்சால் நிறுவனம் பணம் வசூலித்தது. பிரபுக்களும் ராணுவ அதிகாரிகளும் வரிசையில் நின்றார்கள். பெயர் கொடுத்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்றவர், பத்து கினி கொடுத்தால் கற்கலாம் என்று மாறியது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் விஷயம் ரொம்ப நாள் ஒளிந்திருக்கவில்லை. அவர் அமெரிக்காவில் ஏற்கெனவே போட்டிருந்த அந்தச் சின்னப் புத்தகத்தை லண்டனில் ரூட்லெட்ஜ் பதிப்பகம் அப்படியே அச்சிட்டு ஆறு பென்னிக்கு விற்றுவிட்டது. பத்து கினி கட்டியவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! கட்டியவர்களைச் சத்தியத்திலிருந்து ரேரியே விடுவிக்க வேண்டியதாயிற்று.

வெளியே வந்த ரகசியம் இதுதான்: இரண்டு தோல் வார்.

முதல் வாரால் குதிரையின் இடது முன்னங்காலை மடக்கி, குளம்பு மேலே வரும்படி கட்டிவிடுவார். மூன்று காலில் நிற்கும் குதிரையால் ஓட முடியாது, சரியாக உதைக்க முடியாது. இரண்டாவது நீளமான வார் வலது முன்னங்காலில். அதன் மறுமுனை, வயிற்றைச் சுற்றிய பட்டையின் வழியாக ரேரியின் கைக்கு வரும். குதிரை அந்தக் காலைத் தூக்கும்போது இழுத்துப் பிடித்தால் அதுவும் மடங்கும். இரண்டு முழங்காலும் தரையில். குதிரை திமிறும், எழப் பார்க்கும், வியர்த்து வழியும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் களைத்து ஒரு பக்கமாகச் சாயும்.

அந்த நொடியிலிருந்துதான் ரேரியின் மென்மை தொடங்கும். மெத்தென்று வைக்கோல் பரப்பிய தரை. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. கழுத்தைத் தடவுவார், காதை வருடுவார், காலை நீவுவார், தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பார். வாரை அவிழ்த்த பிறகும் குதிரை படுத்தே கிடக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் இதையே திரும்பச் செய்வார்கள்.

சொல் பரவியது

1858-லேயே 'ரேரிஃபை' பேச்சில் வந்துவிட்டது. முதலில் குதிரைக்கு. பிறகு எதற்கெடுத்தாலும். முரட்டு ஆளை இதமாகப் பேசி வழிக்குக் கொண்டுவந்தாலும் ரேரிஃபை, கோபக்கார வயிற்றைப் பத்தியச் சாப்பாட்டால் சமாதானப்படுத்தினாலும் ரேரிஃபை. காற்று அடர்த்தி குறைந்து லேசாவதைக் குறிக்க ஏறக்குறைய இதே உச்சரிப்பில் ஆங்கிலத்தில் இன்னொரு சொல் இருப்பதால், சிலேடை பிரியர்களுக்கும் கொண்டாட்டம்.

ஓவியர் எட்வின் லேண்ட்சீர் 1861-ல் ராயல் அகாடமி கண்காட்சியில் ஒரு படம் வைத்தார். வைக்கோல் மேல் ஒரு அழகான குதிரை படுத்திருக்கிறது. அதன் மேல் ஒய்யாரமாகச் சாய்ந்திருக்கிறாள் ஓர் இளம்பெண். ஷேக்ஸ்பியர் நாடகத்தின் பெயரை நினைவூட்டும் வகையில் 'அடக்கப்பட்ட அடங்காப்பிடாரி' என்ற பொருளில் தலைப்பு. ரேரி முறையில் குதிரை பழக்கிய பெண்கள் அப்போது லண்டனில் இருந்தார்கள். ஆன் கில்பர்ட் என்ற குதிரைக்காரப் பெண்ணைப் பார்த்து வரைந்தது என்பார்கள். ஜனங்களோ, ஊரே கிசுகிசுத்த கேத்தரின் வால்டர்ஸ்தான் அது என்று அடித்துச் சொன்னார்கள். அடங்கியது குதிரையா, பெண்ணா, இல்லை படம் பார்க்கும் ஆண்களா என்று அன்றைய பத்திரிகைகளில் ஒரே சலசலப்பு.

ஒஃபட் கதை

இந்த இடத்தில் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். டென்டன் ஒஃபட். இல்லினாய் மாநிலம் நியூ சேலத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 1831-ல் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர், ஆபிரகாம் லிங்கன். கடை நொடித்துப்போனது. லிங்கன் பிறகு ஜனாதிபதி ஆனார். ஒஃபட், குதிரை பழக்கப் போனார். இதமான முறையில் குதிரைகளுக்குக் கற்றுக்கொடுப்பது பற்றி 1854-லேயே புத்தகம் எழுதினார். ரேரியின் புத்தகத்துக்கு இரண்டு வருஷம் முன்பு. ரேரி இவரிடம்தான் கற்றார் என்று அப்போதே பேச்சு எழுந்தது. ஆனால் மகாராணி முன்னால் நின்றவர் ரேரி. சொல்லாக மாறியதும் அவர் பெயர்தான். 'ஒஃபட்' என்றால் எந்த அகராதியிலும் ஒன்றும் இல்லை.

அது அமைதியா?

இனி அந்தத் தோல் வாருக்கு வருவோம்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'பழக்குவது' வேறு, 'அடக்குவது' வேறு. கன்றுக்குட்டியை வண்டிக்குப் பழக்குகிறோம். திமிறும் காளையை அடக்குகிறோம். ரேரி செய்தது இதில் எது? குடையை மோந்து பார்க்க விட்டது சந்தேகமே இல்லாமல் பழக்குவது. காலைக் கட்டிக் கீழே சாய்த்தது?

1967-ல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து நடத்திய ஆய்வுகள் இந்தக் கேள்விக்கு ஒரு புதுக் கோணம் தந்தன. என்ன செய்தாலும் தப்ப முடியாது என்ற நிலையில் மாட்டிக்கொண்ட நாய்கள், பிறகு தப்ப வழி இருந்தபோதும் முயற்சி செய்யாமல் படுத்துக்கிடந்தன. 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று இதற்குப் பெயர் வந்தது. குதிரையோ பிறவியிலேயே ஓடித் தப்பும் பிராணி. கால்தான் அதன் ஆயுதம், கால்தான் அதன் கவசம். அந்தக் காலையே பிடுங்கிவிட்டால், தரையில் கிடக்கும் குதிரை காட்டுவது நம்பிக்கையா, கைவிட்டுவிட்ட நிலையா? வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரேபோல்தான் இருக்கும். அசையாமல் கிடப்பதும் அமைதியாக இருப்பதும் ஒன்றல்ல என்று இன்றைய குதிரை நடத்தை ஆய்வாளர்கள் பலர் எச்சரிப்பது இதனால்தான்.

இது முடிந்துபோன சண்டை இல்லை. 1998-ல் வந்த ராபர்ட் ரெட்ஃபோர்டின் 'தி ஹார்ஸ் விஸ்பரர்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். விபத்தில் மிரண்டுபோன குதிரையின் முன்னங்காலைக் கட்டி, மெல்லத் தரையில் சாய்த்து, மீண்டும் அந்தச் சிறுமியை அதன் முதுகில் ஏற்றுவார் நாயகன். தியேட்டரில் கண் கலங்கியவர்கள் உண்டு. பல குதிரை வளர்ப்பவர்களுக்கு அதே காட்சி உறுத்தலாக இருந்தது. அது அப்பட்டமான ரேரி முறை, சொல்தான் பயன்படுத்தப்படவில்லை.

ரேரிக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் அவர் காலத்தின் தராசிலும் ஒரு முறை நிறுத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் குரூஸருக்கு முன்னால் இருந்த மாற்று, நல்ல பயிற்சியாளர் ஒருவர் மாதக்கணக்கில் பொறுமையாகப் பழக்குவது அல்ல. மூன்றரை கிலோ இரும்பு, இருட்டு லாயம். பத்து நிமிஷத் திமிறலுக்குப் பிறகு அந்த இரும்பைக் கழற்றியவர் ரேரி. கழற்றிய பிறகு திரும்ப மாட்டவே இல்லை. குதிரைக்குப் புரியும்படி சொல்வது மனிதனின் பொறுப்பு, புரியாதது குதிரையின் குற்றமல்ல என்று மகாராணியிலிருந்து வண்டிக்காரர் வரை கேட்கும்படி சொன்னதும் அவர்தான். வாரை இன்று விட்டுவிடலாம். குடையை மோந்து பார்க்க விட்ட பாடம் இன்றும் போலீஸ் குதிரைகளுக்குக் கூட்டத்தையும் சத்தத்தையும் பழக்கும் இடங்களில் உயிரோடுதான் இருக்கிறது.

ஊர் திரும்பிய இருவர்

ஐரோப்பாவின் பல ஊர்களைச் சுற்றிவிட்டு, ரேரி அமெரிக்கா திரும்பினார். கையோடு குரூஸரையும் கப்பலில் கூட்டிவந்தார். இங்கிலாந்தே பயந்த குதிரை, ஒஹாயோ பண்ணையில் மேய்ந்துகொண்டிருந்தது. ரேரிக்கு ஆயுள் கம்மி. 1866 அக்டோபரில் இறந்தபோது வயது 38 தான். குரூஸரைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று உயிலில் ஏற்பாடு செய்திருந்தார்.

காப்பாற்றினார்கள். ஆனால் அவர் போன பிறகு குரூஸர் மற்றவர்களிடம் மறுபடி பழைய முரட்டுத்தனத்தைக் காட்டியது என்று ஊரில் சொல்வார்கள். அதை வைத்தும் இரண்டு விதமாக வாதாடலாம். முறை நிலைக்கவில்லை என்று ஒரு கட்சி. அது முறைக்குப் பணிந்ததில்லை, அந்த ஆளுக்குத்தான் பணிந்தது என்று இன்னொரு கட்சி. எப்படியோ, எஜமானுக்குப் பிறகும் ஒன்பது வருஷம் இருந்து, 1875-ல் குரூஸர் செத்தது.

கார் வந்ததும் சாலையிலிருந்து குதிரை போயிற்று. குதிரையோடு 'ரேரிஃபை'யும் போயிற்று. பெரிய அகராதிகளில் பழஞ்சொற்களோடு சொற்களாகத் தூங்குகிறது. குரோவ்போர்ட் ஊரில் மட்டும் கதை வேறு. அங்குள்ள மேடிசன் உயர்நிலைப் பள்ளி அணிகளுக்கு 'குரூஸர்ஸ்' என்று பெயர். மேட்ச் நடக்கும் நாளில் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவது ரேரியின் பெயரை இல்லை, அவருடைய குதிரையின் பெயரை.